அரைக் கிளட்ச்சின் கணக்கு: மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் புதிதாக வாங்கியவர்களுக்கு

என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கிளட்ச், நான் வாங்கிப் பதினாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில் வழுக்கத் தொடங்கிவிட்டது. பழைய கார்தான். ஆனால் எனக்கு விற்றவர் அப்போதுதான் புதுக் கிளட்ச் போட்டிருந்தார். அதற்கான ரசீதும் கையில் இருந்தது. ஆகவே பழி முழுவதும் என் இடது காலுக்கே. நான் இருப்பது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, மேடும் பள்ளமுமான ஊர். ஞாயிறு காலைகளில் ஸ்னேக் பாஸ் மலைச்சாலையில் காரை விரட்டுவது என் வழக்கம். அதற்குக் கிடைத்த தண்டனை இது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் பழைய பிளேட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டு வாசல் மேடாக இருக்குமோ?" என்று கேட்டார். ஆமாம், மேடுதான். ஒவ்வொரு நாள் மாலையும் தெருவிலிருந்து அந்தச் சரிவில் பின்னோக்கி ஏற்றி, இரண்டு பக்கச் சுவர்களும் உரசாமல் அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்துவேன். மிகப் பொறுமையாகச் செய்வேன். அந்தப் பொறுமைதான் கிளட்ச்சைத் தின்றிருக்கிறது.

மேனுவல் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போலவே தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். அதனால் முதலில் கணக்கு, பிறகு செய்முறை.

உள்ளே நடப்பது

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரம். அதன்மேல் திருகப்பட்டிருப்பது பிரஷர் பிளேட். இந்த இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. அது கியர்பாக்ஸின் தண்டோடு இணைந்தது. பெடலை விட்டிருக்கும்போது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளுகிறது, பிடி விடுகிறது.

முழுதாகப் பிடித்திருந்தால் தேய்மானம் இல்லை. முழுதாக விட்டிருந்தாலும் பிளேட்டுக்குத் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் இடையே, ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றியபடி உரசும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் நடக்கிறது. ஊரில் எனக்கு ஓட்டக் கற்றுத்தந்த ஓட்டுநர் பள்ளி ஆசிரியர் இதை "ஹாஃப் கிளட்ச்" என்பார். வண்டி அணையும்போதெல்லாம் "ஹாஃப் கிளட்ச்சிலேயே வைத்துக்கொள் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பள்ளியின் பழைய காருக்கு அது போதுமான அறிவுரை. அதை அப்படியே ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொண்டுவந்ததுதான் என் பிழை.

சூடுதான் கணக்கு

இந்தப் பகுதியில் கொஞ்சம் எண்கள் வரும். தாண்டிப் போகாதீர்கள்; மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

சமதரையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, இன்ஜின் சுழற்சியை ஒரே அளவில் வைத்துக்கொண்டு கிளட்ச்சைப் பிடிக்கவிட்டால், பிடித்து முடியும் நேரத்தில் கார் எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெற்றிருக்கிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் சூடாகியிருக்கும். மெதுவாக விட்டாலும் வேகமாக விட்டாலும் இந்தத் தொகை மாறாது. தொகையை நிர்ணயிப்பது இன்ஜினை எத்தனை சுழற்சியில் வைத்தீர்கள் என்பதுதான்; அதுவும் இருமடியாக.

2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 5.087, சக்கரங்களுக்குப் போகுமுன் வரும் கடைசிக் குறைப்பு விகிதம் 2.866. நிமிடத்துக்கு ஆயிரம் சுழற்சிக்கு முதல் கியரில் மணிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகம் வரும். ஓட்டுபவரோடு சேர்த்து எடை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,500 சுழற்சியில் கிளம்பினால் கிளட்ச் வாங்கும் சூடு ஏறக்குறைய 6 கிலோஜூல். 3,000 சுழற்சியில் 23. சிக்னலில் பக்கத்துக் கார்க்காரருக்குக் காட்டுவதற்காக 4,500இல் கிளம்பினால் 51.

இப்போது என் வீட்டு வாசலைப் பார்ப்போம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் மேட்டில், பிரேக் போடாமல், 1,200 சுழற்சியில் அரைக் கிளட்ச்சிலேயே காரை அசையாமல் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். கார் நகரவில்லை, ஆனால் கிளட்ச்சுக்குள் 2.8 கிலோவாட் எரிந்துகொண்டிருக்கிறது. குளியலறையில் மாட்டும் சிறிய வாட்டர் ஹீட்டரின் அளவு அது. ஒரு நிமிடம் அப்படி நின்றால் சுமார் 168 கிலோஜூல். அதாவது 4,500 சுழற்சியில் மூன்று முறை சீறிக் கிளம்பியதற்குச் சமம், ஓர் அடிகூட நகராமல். அந்தச் சூட்டில் பாதி பிரஷர் பிளேட்டின் மூன்று கிலோ இரும்புக்குள் போனால், அதன் வெப்பநிலை அந்த ஒரு நிமிடத்தில் 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அது சராசரிதான், உரசும் மேற்பரப்பில் இன்னும் பலமடங்கு. அந்தச் சூடு வெளியேறவும் வழி குறைவு. மூடிய கூட்டுக்குள் இருக்கும் இரும்பு அது, பிரேக் டிஸ்க்கைப்போல் காற்றில் நிற்பதில்லை.

என் வாசல் நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் ஏறும் மேடு. பின்னோக்கி ஏற்ற இருபது நொடி, 2,000 சுழற்சியில். கணக்குப் போட்டுப் பார்த்தால் தினமும் 100 கிலோஜூலுக்கு மேல் கொட்டியிருக்கிறேன். ஸ்னேக் பாஸில் மூன்றாம், நான்காம் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடித்தபடி பறந்த மணிநேரங்களில் அந்தப் பிளேட் நிம்மதியாக ஓய்வெடுத்திருக்கிறது.

சாதாரணக் காரைவிட ஸ்போர்ட்ஸ் காரில் இது ஏன் சீக்கிரம் நேர்கிறது? இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுழல வேண்டும் என்பதற்காக ஃப்ளைவீலை இலகுவாக வைக்கிறார்கள். இலகுவான இரும்பு சூட்டை உள்வாங்கும் திறனும் குறைவு. கீழ்ச்சுழற்சியில் இழுவை குறைவாக இருப்பதால் புதியவர் அணைந்துவிடுமோ என்று பயந்து ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதிக்கிறார். சத்தமும் இனிமையாக இருக்கிறதா, இன்னும் கொஞ்சம் மிதிக்கிறார்.

முதல் படி: உட்காருங்கள்

கிளட்ச் பெடலைத் தரைவரை மிதித்த நிலையில் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் முழுதாக நீண்டுவிட்டால் நுனிப்பாதத்தால் மிதிப்பீர்கள். பெடல் முழுதாக இறங்காது, கியர் உராயும். தாழ்வான இருக்கையில் படுத்தமாதிரி உட்கார்ந்து ஓட்டுவது படத்தில் அழகாக இருக்கும். இடது காலுக்கு அது ஆகாது.

குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும், பாதத்தின் முன்பகுதி பெடலில். மெல்லிய அடித்தோல் உள்ள ஒடுங்கிய காலணி நல்லது. கியர் மாற்றி முடிந்த மறுநொடி கால் பெடலைவிட்டு இடப்பக்கம் இருக்கும் கால்தாங்கிக்குப் போய்விட வேண்டும். பெடல்மேல் கால் சும்மா "தங்கியிருந்தால்" போதும், ரிலீஸ் பேரிங்மேல் பாரம் ஏறுகிறது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் பிளேட்டின் பிடியும் தளர்கிறது. நீங்கள் அறியாமலே முழுப் பயணமும் லேசாக வழுக்கியபடி போகும்.

இரண்டாம் படி: ஆக்சிலரேட்டர் இல்லாமல் கிளம்பப் பழகுங்கள்

ஆளில்லாத, சமதரையான ஓர் இடத்துக்குப் போங்கள். ஞாயிறு காலை எந்தப் பெரிய கடையின் கார் நிறுத்தும் இடமும் இதற்கு உதவும். முதல் கியர் போட்டு, வலது காலைத் தரையில் வைத்துவிட்டு, கிளட்ச்சை மட்டும் மிக மெதுவாக உயர்த்துங்கள். ஓரிடத்தில் இன்ஜின் ஒலி சற்றுத் தாழும், கார் நகரத் தொடங்கும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே ஒரு நொடி தாமதித்து, கார் உருளத் தொடங்கியதும் காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும். இன்ஜின் அணைவதால் கிளட்ச்சுக்குப் பெரிய நஷ்டமில்லை. பின்னாலிருப்பவர் ஹார்ன் அடிப்பார், அவ்வளவுதான்.

இருபது முறை செய்யுங்கள். "பழகும்போதே தேய்ந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். சும்மா ஓடும் சுழற்சியில், அதாவது 750 அளவில், ஒருமுறை கிளம்ப ஆகும் சூடு ஒன்றரை கிலோஜூல்கூட இல்லை. இருபது முறையும் சேர்ந்து சிக்னலில் ஒருமுறை சீறிக் கிளம்புவதில் பாதிதான்.

பிடிக்கும் இடம் காலுக்குத் தெரிந்தபிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்க்கலாம். வழக்கமான சாலையில் 1,200 முதல் 1,500 போதும். ஒரு வரிசை உண்டு, அதைக் குழப்பவேண்டாம்: முதலில் பிடிக்கும் இடம்வரை கிளட்ச், பிறகு சிறிது ஆக்சிலரேட்டர், கார் உருண்டதும் கிளட்ச் முழுதாக வெளியே, அதன்பிறகே அழுத்தம். புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் இன்ஜினைச் சீறவிட்டுப் பிறகு கிளட்ச்சைத் தேடுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சில பிஎம்டபிள்யூ கார்களில் கிளட்ச்சின் எண்ணெய்க் குழாயில் ஒரு தாமத வால்வு இருக்கும். நீங்கள் காலைச் சட்டென்று எடுத்தாலும் அது மெதுவாகத்தான் பிடிக்கவிடும். அதிர்ச்சியைக் குறைக்க வைத்தது. அத்தகைய காரில் பிடிக்கும் இடம் காலுக்குத் தெளிவாகத் தெரியாமல் நழுவும். குறை உங்கள் காலில் இல்லாமலும் இருக்கலாம்.

மூன்றாம் படி: நெரிசல்

நெரிசலில் முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்வதுதான் மிகப்பெரிய வீண்செலவு. எம்எக்ஸ்-5 முதல் கியரில், கிளட்ச் முழுதாகப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டர் தொடாமலே மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஊரும். ஆள் விறுவிறுவென்று நடக்கும் வேகம். ஆகவே முன்கார் நகர்ந்ததும் உடனே நகராதீர்கள். இரண்டு மூன்று கார் நீள இடைவெளி விழும்வரை நில்லுங்கள். பிறகு ஒரேமுறை கிளட்ச்சை முழுதாகப் பிடிக்கவிட்டு அந்த இடைவெளியை ஊர்ந்து தீர்த்து, கிளட்ச்சை முழுதாக மிதித்து நில்லுங்கள். பத்து அரைகுறைக் கிளம்பல்களுக்குப் பதில் இரண்டு முழுக் கிளம்பல்கள்.

இடைவெளியில் வேறொருவர் நுழைந்துவிடுவார் என்பது உண்மை. நுழையட்டும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எம்எக்ஸ்-5 போன்ற காரில் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீளச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். உதிரிபாகத்தைவிடக் கூலிதான் அதிகம் வரும். நுழைந்தவர் அதில் பங்கு தரமாட்டார்.

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே பெடலை மிதித்தபடி நின்றால் பிளேட் தேயாது. ஆனால் ரிலீஸ் பேரிங்கும், இன்ஜினுக்குள் கிராங்க் தண்டின் பக்கவாட்டுப் பேரிங்கும் அந்த நேரம் முழுவதும் பாரம் சுமக்கின்றன.

நான்காம் படி: மேடும், பின்னோக்கி ஏற்றுவதும்

மேட்டில் காரை நிறுத்திவைப்பது பிரேக்கின் வேலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடியுங்கள், முதல் கியர் போடுங்கள், கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். காரின் முன்பக்கம் லேசாக எழும்பும் அல்லது பின்பக்கம் அமரும். இன்ஜின் ஒலி தாழும். அந்த நொடியில் சிறிது ஆக்சிலரேட்டர், ஹேண்ட் பிரேக்கை விடுதல், கிளட்ச் முழுதாக வெளியே. மொத்தம் இரண்டு நொடி. மேட்டில் தானாகப் பிரேக்கைப் பிடித்துவைக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால், சில நொடிகளில் அது விட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பின்னோக்கி மேடேற்றுவதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. பின்னோக்கிய கியரும் முதல் கியரைப் போன்றதுதான். அதன் மிகக் குறைந்த வேகமே நடக்கும் வேகம். அதைவிட மெதுவாகப் போக வேண்டுமென்றால் கிளட்ச்சை வழுக்கவிடுவதைத் தவிர வழியில்லை. ஆகவே அந்தச் சூழ்நிலையையே தவிர்ப்பதுதான் தந்திரம். நான் இப்போது மாலையில் மூக்கு முன்னால் வைத்து மேடேற்றி நிறுத்துகிறேன். காலையில் பின்னோக்கி இறங்கும்போது பூமி இழுத்துக்கொள்கிறது. கிளட்ச்சை முழுதாக மிதித்தபடி பிரேக்கிலேயே இறங்கிவிடலாம். சாலையைப் பார்க்க முடியாமல் பின்னால் வருவது எரிச்சல்தான், மறுக்கவில்லை. வேறு வழியே இல்லாமல் பின்னோக்கி ஏற்ற வேண்டியிருந்தால், முழுதாகப் பிடிக்கவிட்டு அரை மீட்டர் ஏறுங்கள், முழுதாக மிதித்துப் பிரேக்கில் நில்லுங்கள், மறுபடி ஏறுங்கள். தொடர்ந்து வழுக்கவிட்டு அங்குலம் அங்குலமாக ஏற்றுவதைவிட இது குறைவாகவே சுடும்.

கியர் மாற்றுவது: பயப்பட வேண்டிய அளவு இல்லை

கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இன்ஜின் சுழற்சியை ஏற்றிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் போய்விடும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பழகிக்கொள்ளுங்கள், அழகான வித்தை. ஆனால் கிளட்ச் தேய்மானத்துக்காக இதை முதலில் கற்கவேண்டியதில்லை. 3,000இலிருந்து 4,500க்கு இன்ஜினைச் சுழற்றி ஏற்றக் கிளட்ச்சுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய இரண்டு கிலோஜூல். மேட்டில் ஒரு நொடி அரைக் கிளட்ச்சில் நிற்பதைவிடக் குறைவு. சுழற்சியைப் பொருத்துவதன் உண்மையான பயன், ஈரச்சாலை வளைவில் பின்சக்கரம் இழுக்கப்பட்டுச் சறுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது.

கியரை ஏற்றும்போது மட்டும் ஒன்று: கிளட்ச் முழுதாகப் பிடிக்குமுன் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப்போய்த் தவறி இரண்டில் போட்டுவிடுவது வேறு கதை. அதில் இன்ஜின் வால்வுகளே போய்விடலாம். கிளட்ச் அங்கே சின்னக் கவலை.

சீறிக் கிளம்புவது

செய்யவே கூடாது என்று சொல்லமாட்டேன். மூடிய பந்தயத் தடத்தில் ஒருமுறை செய்து பார்க்க ஆசை யாருக்கும் இருக்கும். அடுத்தடுத்துச் செய்யாதீர்கள், அவ்வளவே. ஒருமுறை செய்தால் அடுத்த சில நிமிடம் காரைச் சாதாரணமாக ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள்.

டயர் வழுக்கினால் கிளட்ச் தப்பிக்கிறது. டயர் பற்றிக்கொண்டால் கிளட்ச் வழுக்கியாக வேண்டும். அதனால்தான் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் போன்ற கார்களில் சீறிக் கிளம்பியே கிளட்ச்சை எரித்தவர்கள் அதிகம். நான்கு டயரும் சாலையைக் கவ்விக்கொள்ளும்போது அந்த வித்தியாசம் முழுவதையும் விழுங்க வேறு யாரும் இல்லை.

இன்ஜினின் கணினியை மாற்றி எழுதி விசையைக் கூட்டும் டியூனிங்கும் இதே வகை. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். டியூனிங் செய்தால் 400ஐத் தாண்டிவிடும். கிளட்ச் தாங்கும் அளவு அதே பழைய அளவு. அப்போது உயர்கியரில், 3,000 சுழற்சி வாக்கில், முழு அழுத்தத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் அது நிற்காது. விசையைக் கூட்டும் செலவுக் கணக்கில் கிளட்ச்சையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

கருகல் வாடை வந்தால்

கருகிய காகிதத்தையும் எரிந்த பிரேக்கையும் கலந்தமாதிரி ஒரு வாடை. ஒருமுறை வந்தால் கிளட்ச் செத்துவிட்டது என்று பொருளல்ல. உடனே ஓரமாக நிறுத்தி அணைத்துவிடத் தோன்றும். அதைவிட நல்லது, வழி இருந்தால் நிற்காமல், கிளட்ச்சைத் தொடாமல், ஒரே கியரில் நிதானமாக ஓட்டிக்கொண்டே போவது. வழியில்லையென்றால் நியூட்ரலில், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். சுழலும் ஃப்ளைவீல் உள்ளே காற்றை அளையும். கால் மணிநேரமாவது அடுத்த கடினமான கிளம்பல் வேண்டாம்.

வழுக்குகிறதா, விடாமல் ஒட்டுகிறதா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகக் கிளட்ச் மாற்றுகிறார்கள்.

வழுக்கல் என்றால் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது. இன்ஜின் நன்றாகச் சூடானபின், காலியான நேர்ச்சாலையில் நான்காம் அல்லது ஐந்தாம் கியரில் 2,000 சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். சுழற்சியும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். சுழற்சிமானி மட்டும் எகிறி, கார் பின்தங்கினால் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தால் போதும். உறுதிசெய்துகொள்ள ஐந்து முறை செய்து மிச்சத்தையும் கருக்கிவிடாதீர்கள்.

ஒட்டுதல் என்றால் விட வேண்டிய நேரத்தில் விடாதது. பெடலைத் தரைவரை மிதித்தும் முதல் கியரோ பின்னோக்கிய கியரோ உராய்ந்து நுழையும். இதற்குப் பெரும்பாலும் பிளேட் காரணமல்ல. பெடலின் அழுத்தத்தைக் கொண்டுபோகும் எண்ணெய்ப் பாதையில் கசிவு இருக்கலாம். 1989இல் வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில் கியர்பாக்ஸின் பக்கத்தில் மாட்டியிருக்கும், எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவதற்குப் பெயர்போனது. வெளியிலிருந்தே மாற்றிவிடலாம்; கியர்பாக்ஸை இறக்கவேண்டியதே இல்லை. கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே தொட்டிதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

பெடலை மிதித்தால் வரும் சத்தம் ரிலீஸ் பேரிங்கைக் காட்டும். மிதித்தால் நின்றுபோகும் சத்தம் கியர்பாக்ஸின் உள்தண்டுப் பேரிங்கைக் காட்டும். பெடல் மாதங்களாக மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டே போவதும் ஓர் அறிகுறி: பிளேட் மெலிய மெலிய பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் நிற்கும் கோணம் மாறுகிறது, அதை அழுத்தக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. நண்பரிடம் கொடுத்து ஓட்டச் சொன்னால் முதல் மிதியிலேயே சொல்லிவிடுவார்.

பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் கிளட்ச்சைச் சோதிப்பதில்லை. தேர்ச்சிச் சான்று புத்தம்புதிதாக இருந்தாலும் கிளட்ச் நாளையே போகலாம். வாரண்டியும் பொதுவாகத் தேயும் பாகங்களைச் சேர்க்காது.

மாற்றும்போது

பிளேட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சப்படுத்தாதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரு தொகுப்பு. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் முகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டுமா என்று கேளுங்கள். இரட்டை ஃப்ளைவீல் (இரண்டு சக்கரங்களை நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த வகை) உள்ள காரானால் அதைப் பொதுவாகக் கடைவதில்லை, ஆடுகிறதா என்று பார்த்து மாற்றுவார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "பந்தய" கிளட்ச் போடலாமே என்ற பேச்சு வரும். உலோகமும் பீங்கானும் கலந்த, நாலைந்து துண்டுகளாகப் பிளேட்டில் பதித்த வகை அது. சூட்டைத் தாங்கும், ஆனால் சட்டென்று கவ்வும். நெரிசலில் கார் குதிரைபோல் உதறும். உதறலைத் தவிர்க்க நீங்கள் கூடுதல் சுழற்சி வைத்துக் கிளம்பத் தொடங்குவீர்கள். இலகுவான ஃப்ளைவீலும் அதே வலைதான். அன்றாடம் ஓட்டும் காருக்கு, டியூனிங் எதுவும் செய்யாத நிலையில், தொழிற்சாலை போட்ட வகையே போதும் என்பது என் கருத்து.

புதிது போட்டபின் முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள். நின்று கிளம்பி நின்று கிளம்பித்தான் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று படியும். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் 800 ஓட்டினால் அது கணக்கில் சேராது.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்

மிக முக்கியமான படி இதுதான், காசும் ஆகாது. பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் தூக்கி எறியுமுன் காட்டச் சொல்லுங்கள்.

உரசும் பரப்பு, அதைப் பிளேட்டோடு பிணைக்கும் ஆணிகளின் தலை மட்டம்வரை ஒரேசீராக மெலிந்திருந்தால் அது இயல்பான முதுமை. ஆணித்தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டர் மிஞ்சும்போது மாற்ற வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் வரம்பு. பரப்பு எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால் சீல் கசிகிறது. உங்கள் கால்மேல் தவறில்லை, ஆனால் சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் நனையும். பிளேட்டின் நடுவிலுள்ள சுருள் ஸ்பிரிங்குகள் தளர்ந்தோ உடைந்தோ இருந்தால், கிளட்ச்சைப் பட்டென்று விட்டு அதிர்ச்சி கொடுத்திருக்கிறீர்கள். பிரஷர் பிளேட்டின் விரல்நுனிகள் குழிந்து தேய்ந்திருந்தால், பெடலில் கால் வைத்தே பயணம் செய்திருக்கிறீர்கள்.

என்னுடையதில் சுருள் ஸ்பிரிங்குகள் அத்தனையும் உறுதியாக இருந்தன. விரல்நுனிகளும் சரி. ஆணிகளுக்கு மேல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் பரப்பு மிச்சம். ஆனால் அந்தப் பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டுகள், நடுவே முடிபோல் மெல்லிய வெடிப்புகள். சீறிக் கிளம்பி உடைத்தவனின் பிளேட் இப்படி இருக்காது, நெடுநேரம் மெதுவாகச் சுட்டவனுடையது இது என்று மெக்கானிக் கணக்கிட்டிருக்கிறார். அதனால்தான் வாசலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

அந்தப் பிளேட் இப்போது என் கார் கொட்டகைச் சுவரில், மூக்கு முன்னால் வைத்து நிறுத்தும்போது நேராகக் கண்ணில் படும் உயரத்தில், ஓர் ஆணியில் தொங்குகிறது.